ஊருக்கே சொந்தமான நாய்க்கு யார் பொறுப்பு?

மேற்கு ஆஸ்திரேலியாவில் டாம்பியர் என்ற துறைமுக ஊருக்குள் நுழையும் சாலையோரத்தில் ஒரு நாய்க்குச் சிலை வைத்திருக்கிறார்கள். பீடத்தில் 'பில்பரா நாடோடி' என்ற பட்டம் இருக்கிறது. சிலை வைத்தவர் யார் என்று தேடினால் கம்பெனியின் பெயரோ அமைச்சரின் பெயரோ இல்லை. தன் பயணங்களில் அது சம்பாதித்த நண்பர்கள் பலர் சேர்ந்து எழுப்பியது என்று பொறித்திருக்கிறார்கள். அந்த நாய்தான் ரெட் டாக். 1971-இல் பிறந்தது, 1979 நவம்பரில் இறந்தது. எட்டு வருடம் வாழ்ந்த ஒரு நாய்க்கு, பாலைவனத்துச் சுரங்கத் தொழிலாளிகள் கைக்காசு போட்டுச் சிலை வைத்தார்கள்.

இதன் கதை நாவலாகவும் 2011-இல் திரைப்படமாகவும் வந்து உலகம் முழுக்கப் போய்விட்டது. அவற்றில் கற்பனை நிறையக் கலந்திருக்கிறது. கற்பனையை நீக்கிவிட்டு மிஞ்சியதை மட்டும் பார்த்தாலே போதும், ஒரு தனித்த வேலைத்தளம் ஒரு தெருநாயை எப்படி வளர்க்கலாம், எங்கே கோட்டை விடும் என்பது முழுதாகத் தெரிந்துவிடும். குவாரி, காற்றாலைப் பண்ணை, அணைக்கட்டு வேலை, தேயிலை எஸ்டேட் என்று ஊரைவிட்டு விலகி ஆட்கள் கூட்டமாகத் தங்கும் எந்த இடத்திலும் ஒரு நாய் வந்து சேரும். வந்து சேர்ந்த நாய்க்கு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். டாம்பியர் இருக்கும் பில்பரா வட்டாரம் ஏறக்குறைய ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு. தமிழ்நாட்டைப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. சிவந்த இரும்புத் தாது மண். அங்கிருக்கும் மார்பிள் பார் என்ற ஊரில் 1923 அக்டோபர் இறுதியிலிருந்து 1924 ஏப்ரல் வரை தொடர்ந்து 160 நாட்கள் பகலின் உச்ச வெப்பம் 37.8 டிகிரி செல்சியசுக்குக் குறையவில்லை. டாம்பியர் அந்த நிலத்தின் கடலோரத்தில் ஹாமர்ஸ்லி அயர்ன் நிறுவனம் தாது ஏற்றுவதற்காகக் கட்டிய ஊர். டாம் பிரைஸ் சுரங்கத்திலிருந்து ரயில் பாதை போட்டு 1966-இல் முதல் கப்பலை அனுப்பினார்கள். பிறகு பாதை தெற்கே பாரபர்டூ வரை நீண்டது. பக்கத்திலேயே கடல்நீரைப் பாத்திகளில் காயவைத்து உப்பெடுக்கும் டாம்பியர் சால்ட். பெர்த் நகரத்துக்குச் சாலை வழியே 1,500 கிலோமீட்டருக்கு மேல்.

வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் குடும்பமில்லாத ஆண்கள். பல நாட்டுக்காரர்கள். தனியாள் குடியிருப்பில் ஆளுக்கொரு சின்ன அறை, பொது மெஸ், ஷிப்ட், சம்பளம், ஒப்பந்தம் முடிந்தால் கிளம்பிவிடுவார்கள். இப்படி ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் நிலையாக இருப்பது ஒரு நாய் மட்டும்தான். புதிதாக வந்து இறங்குகிறவனுக்கு யாரையும் தெரியாது. நாய் வந்து காலடியில் படுக்கும். பழைய ஆள் ஒருவன் அவனிடம் அந்த நாயைப் பற்றிப் பேச ஆரம்பிப்பான். நட்பு அப்படித்தான் தொடங்குகிறது. இதை மிகையாகச் சொல்லவில்லை. தொழிலாளர் முகாம்களில் நாய் செய்யும் முதல் வேலை காவல் இல்லை, அறிமுகம்தான்.

நாயின் பக்கம் என்ன கணக்கு? சோறு மட்டும் இல்லை. கொல்கத்தாவில் உள்ள ஐசர் (IISER) என்ற அறிவியல் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தெருநாய்களோடு திரும்பத் திரும்பப் பழகிப் பார்த்து 2017-இல் வெளியிட்ட முடிவு இது: முன்பின் தெரியாத மனிதர் தொடர்ந்து சாப்பாடு கொடுத்ததைவிட, தொடர்ந்து தடவிக் கொடுத்தபோதுதான் நாய்கள் அவரை அதிகம் நம்பின. ஷிப்ட் முடிந்து வந்து படியில் உட்கார்ந்து, பேச ஆளில்லாமல் நாயின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருக்கும் ஐம்பது பேர் உள்ள இடம் ஒரு தெருநாய்க்கு எப்படிப்பட்ட இடமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரெட் டாக் பாரபர்டூவில் பிறந்தது. கெல்பியும் கேட்டில் டாக்கும் கலந்த இனம். இரண்டுமே மந்தையோட்டிகள், நாள் முழுக்க ஓடினாலும் அலுக்காதவை. முதல் சொந்தக்காரர் வைத்த பெயர் டேலி ஹோ. டாம்பியருக்கு வந்த பிறகு ஹாமர்ஸ்லியில் பேருந்து ஓட்டிய ஜான் ஸ்டாஸோநெல்லியிடம் சேர்ந்தது. அவருடைய பேருந்தில் ஏறி ஊர் ஊராகச் சுற்றியது. 1975-இல் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு நான்கு வருடம் அது யார் வீட்டு நாயும் இல்லை. தெரிந்த வண்டியைக் கண்டால் சாலை நடுவில் நின்று மறிக்கும், கதவு திறந்ததும் ஏறிக்கொள்ளும், தனக்கு வேண்டிய இடத்தில் இறங்கிக்கொள்ளும். கராத்தா, ரோபர்ன், போர்ட் ஹெட்லண்ட் என்று போய்வந்தது. பெர்த் வரை போனதாகவும் சொல்கிறார்கள். வண்டிக்குள் அது விடும் வாயுவைப் பற்றியும் பேசாதவர் இல்லை. மெஸ் சாப்பாட்டில் கண்டதையும் தின்ற நாய்க்கு அது வராமல் என்ன செய்யும்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ரெட் டாக் டாம்பியர் சால்ட் விளையாட்டு, சமூக சங்கத்தின் உறுப்பினர். போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்திலும் உறுப்பினர். பேங்க் ஆஃப் நியூ சவுத் வேல்ஸில் அதன் பெயரில் கணக்கு இருந்தது. 'ரெட்டே வேல்ஸில் கணக்கு வைத்திருக்கும்போது உங்களுக்கென்ன' என்று வங்கியே விளம்பரமாகப் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். கேட்கிறவர்கள் எல்லோரும் இதை வேடிக்கையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது வேடிக்கையாகத் தோன்றவில்லை. அந்த ஊரார் செய்ததிலேயே மிகப் புத்திசாலித்தனமான காரியம் இதுதான். சொந்தக்காரன் செத்துப்போன நாய் சட்டத்தின் கண்ணில் வெறும் அலைகிற நாய். சங்கத்தில் பெயர் ஏறிவிட்டால் அதன் பின்னால் ஒரு அமைப்பு நிற்கிறது. கால் உடைந்தால் பில் யாருக்குப் போகும் என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது.

உலகில் இப்படிப் பேர் வாங்கிய நாய்கள் பலவற்றுக்கும் பின்னால் ஒரு காகிதம் இருப்பது தற்செயல் இல்லை. தென்னாப்பிரிக்காவின் சைமன்ஸ் டவுனில் மாலுமிகளோடு ரயிலேறிக்கொண்டே இருந்த கிரேட் டேன் நாய் ஜஸ்ட் நியூசென்ஸ். டிக்கெட் இல்லாமல் ஏறும் நாயைக் கொன்றுவிடப் போவதாக ரயில்வே மிரட்டியதும், 1939 ஆகஸ்டில் பிரிட்டிஷ் கடற்படை அதைப் படைவீரனாகவே சேர்த்துக்கொண்டது. படைவீரனுக்கு ரயில் இலவசம். அலாஸ்காவின் ஜூனோ துறைமுகத்தில் கப்பல்களை வரவேற்கும் செவிட்டு நாய் பாட்ஸி ஆன், நாய் உரிமச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள இருந்தபோது 1934-இல் நகர மேயர் அதை ஊரின் அதிகாரபூர்வ வரவேற்பாளர் ஆக்கினார். தெற்கு ஆஸ்திரேலிய ரயில்களில் 1880-களிலும் அதற்குப் பிறகும் சுற்றிய பாப் என்ற நாயின் கழுத்துப் பட்டையிலேயே, என்னை நிறுத்தாதே, நான் ரயில் ஓட்டுநரின் நாய் என்று பாட்டாகப் பொறித்திருந்தார்கள். நாலு இடத்திலும் நாலு விதமாக ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்: எல்லோருக்கும் சொந்தமான ஒன்றுக்குப் பெயர் போட்டுப் பொறுப்பு ஏற்றிருக்கிறார்கள்.

பொறுப்பு இல்லாத பாசம் என்ன செய்யும் என்பதையும் ரெட் டாக் காட்டியது. அதைப் பல வீடுகளில் பலர் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்த வட்டாரத்துக் கால்நடை மருத்துவர் ரிக் ஃபென்னியும் அதற்கு வைத்தியம் பார்த்தவர். ஒவ்வொருவரும் தன்னுடைய நாய் என்று ஒரே நாயைக் கொண்டுவந்தால் வைத்தியருக்கு என்ன சிக்கல் என்று பாருங்கள். முன்னவர் போட்ட ஊசி பின்னவருக்குத் தெரியாது. போன வாரம் கொடுத்த பூச்சி மாத்திரையை இந்த வாரம் இன்னொருவர் கொடுப்பார். எல்லோரும் இன்னொருவர் கொடுத்திருப்பார் என்று நினைத்தால் யாருமே கொடுக்காமலும் போகும். கடைசியில் சொன்னதுதான் அதிகம் நடக்கும்.

ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு அட்டை. கேண்டீன் சுவரில், சாப்பாடு வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில், எண்ணெய் படாத உறைக்குள். நாயின் பெயர், தோராய வயது, கடைசியாக எடுத்த எடை, போட்ட தடுப்பூசிகளின் தேதி, அடுத்த தேதி, உண்ணி மருந்து, புழு மருந்து, கால்நடை மருத்துவரின் எண். கீழே இரண்டு பெயர்கள்: பொறுப்பாளர், அவர் விடுப்பில் போனால் மாற்று ஆள். இருவரும் ஒரே ஷிப்டில் இருக்கக் கூடாது. மருந்து எதைக் கொடுத்தாலும் கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். வாட்ஸ்அப் குழு இதற்கு ஈடாகாது. அதில் போட்டது இரண்டு நாளில் மேலே போய்விடும், வேலையை விட்டவர் குழுவையும் விட்டுவிடுவார்.

பணத்துக்குத் தனி உண்டியல். சம்பளத் தேதியில் ஆளுக்கு ஒரு சிறு தொகை. நாய் நன்றாக இருக்கும்போது சேர்த்தால்தான் சேரும். அடிபட்டுக் கிடக்கும்போது வசூல் செய்தால் பணம் வரும், ஆனால் ஆறு மணி நேரம் கழித்து வரும்.

சாப்பாட்டு விஷயத்தில் நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான். இருபது கிலோ எடையுள்ள, நன்றாக ஓடியாடும் நாய்க்கு ஒரு நாளுக்கு 1,100 முதல் 1,300 கலோரி போதும். காய்ந்த நாய்த்தீனி என்றால் 300 முதல் 370 கிராம். பொரித்த சாசேஜ் ஒன்றில் ஏறக்குறைய 250 கலோரி இருக்கும். ஆறு பேர் ஆளுக்கொன்று கொடுத்தால் அன்றைய கணக்கு முடிந்து மிஞ்சியும் போயிற்று. அறுபது பேர் இருக்கும் மெஸ்ஸில் ஆறு பேர் என்பது ஒரு மேசை. எடை கூடுவதைவிடப் பெரிய ஆபத்து கணைய அழற்சி. கொழுப்பு அதிகமான சாப்பாட்டை ஒரே நேரத்தில் நிறையத் தின்ற நாய், முன்னங்காலைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி நின்றுகொண்டு வாந்தி எடுத்தால் அது வெறும் அஜீரணம் இல்லை. வேகவைத்த எலும்பு கூர்கூராகச் சிதறும், குடலைக் கிழிக்கும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சர்க்கரையில்லாச் சூயிங்கம்மில் இருக்கும் சைலிட்டால் எல்லாமே நாய்க்கு விஷம். பிரியாணி மிச்சத்தில் முதல் இரண்டும் நிச்சயம் இருக்கும். கொடுக்காதே என்று பலகை எழுதி வைத்தால் யாரும் கேட்கப் போவதில்லை. மெஸ்ஸில் ஒரு டப்பா வைத்து, அன்றைய தீனியைக் காலையில் அளந்து அதில் போட்டுவிடுங்கள். கொடுக்க ஆசைப்படுகிறவர் அதிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். டப்பா காலியானால் அன்றைக்குத் தடவிக் கொடுப்பதோடு சரி.

வெயில் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைப்பில் ஆவியாகும் ஈரத்தால்தான் அது உடலைக் குளிர்விக்கிறது. அதனால் பில்பராவின் உள்நாட்டு வறண்ட வெயிலைவிட டாம்பியர் கடலோரத்தின் பிப்ரவரிக் கோடைப் புழுக்கம் மோசமானது. வெப்பமானி ஐந்து டிகிரி குறைவாகக் காட்டினாலும் நாய் திணறும். நம் தூத்துக்குடி உப்பளத்திலும் இதே கதைதான். இருபது கிலோ நாய்க்குச் சாதாரண நாளில் ஒன்று முதல் ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் வேண்டும். கடும் வெயிலில் மூன்று லிட்டர். எவர்சில்வர் கிண்ணம் வெயிலில் நெருப்பாகக் கொதிக்கும், நாய் வாய் வைக்காது. சிமெண்டுத் தொட்டியோ மண்தொட்டியோ நல்லது, பழைய டயருக்குள் பதித்தால் கவிழாது. நிழல் மதியத்தில் எங்கே விழுகிறது என்று பார்த்து அங்கே வையுங்கள், காலையில் நிழலாக இருந்த இடத்தில் இல்லை. குறைந்தது இரண்டு இடத்தில் வைக்க வேண்டும்.

உப்பளத்தில் கூடுதலாக ஒரு ஆபத்து. தாகத்தில் நாய் பாத்தி நீரைக் குடித்துவிடும். வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம், பிறகு வலிப்பு. குடித்ததை உடனே கண்டால் நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கலாம். குடித்துப் பல மணி நேரம் ஆகி, தள்ளாட ஆரம்பித்த பிறகு வாளித் தண்ணீரை ஒரேயடியாகக் கொடுத்தால் மூளை வீங்கி இறக்கும். அந்த நிலையில் ஊசி வழியாக மெதுவாக ஏற்றுவது மருத்துவரின் வேலை.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பிக்கும். நாக்கு தொங்கி ஈறு கருஞ்சிவப்பாகி, எச்சில் நூலாகி, பின்னங்கால் தள்ளாடினால் வெப்ப அடிதான். உடனே வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்புவது தவறு. முதலில் குளிர்வியுங்கள், பிறகு கிளம்புங்கள். நிழலில் படுக்க வைத்து, குழாய்த் தண்ணீரை வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் நனைய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மின்விசிறியோ அட்டையோ வைத்துக் காற்று வீச வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்திவிடக் கூடாது, சில நிமிடத்தில் அதுவே சூட்டை உள்ளே பூட்டிவிடும். வெப்பம் 39.5-க்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு, ஏசி போட்ட வண்டியில் கொண்டுபோக வேண்டும். எழுந்து நின்று வாலாட்டினாலும் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும், சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் மறுநாள்கூடக் கெடலாம்.

வண்டிகளைப் பொறுத்தவரை ரெட் டாக் அதிர்ஷ்டக்கார நாய். மறித்து நிறுத்தி ஏறும் பழக்கம் உள்ள நாய் எட்டு வருடம் வாழ்ந்ததே பெரிது. இன்றைய சுரங்க டிப்பர் இருநூறு டன்னுக்கு மேல் சுமக்கும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து முன்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் பல மீட்டர் தூரத்துக்குத் தரை தெரியாது. ஆளே தெரியாத இடத்தில் நாய் எங்கே தெரியும். ஆனால் அதிகம் அடிபடுவது ஓடும் வண்டியில் இல்லை, நின்ற வண்டியில். மதியத்தில் முகாமிலேயே நல்ல நிழல் நிறுத்திய லாரிக்கு அடியில்தான் இருக்கும், நாய் பின்சக்கரத்தில் சாய்ந்து தூங்கும். ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் இயந்திரத்தைக் கிளப்ப ஒரு ஹாரன், முன்னே போக இரண்டு, பின்னே வர மூன்று என்ற வழக்கம் பரவலாக உண்டு. ஹாரன் அடித்துச் சில நொடி காத்திருக்கிற தளத்தில் நாய் ஒரே மாதத்தில் அதைக் கற்றுக்கொள்ளும். ஹாரனோடு சேர்த்தே வண்டியை நகர்த்தினால் கற்றுக்கொள்ள உயிரோடு இருக்காது. கிளப்பும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அடியில் குனிந்து பார்ப்பது எப்படியும் செய்ய வேண்டிய பரிசோதனைதான். லாரி நிழலைவிட நல்ல நிழலை நீங்கள் அமைத்துக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்: தரையிலிருந்து ஒரு சாண் உயரக் கட்டில், மேலே கூரை, காற்றோட்டம், ஆட்கள் கண்ணில் படும் இடம். ஒதுக்குப்புறத்தில் கட்டினால் நாய் படுக்காது. இரவு ஷிப்டுக்கு ஒளி பிரதிபலிக்கும் பட்டை. பிக்கப் வண்டியின் பின்தட்டில் ஏற்றினால், படுக்க முடிகிற அளவுக்கு நீளமாகவும் விளிம்பைத் தாண்ட முடியாத அளவுக்குக் குட்டையாகவும் சங்கிலி கட்ட வேண்டும். விளிம்பைத் தாண்டினால் தூக்கில் தொங்கும்.

பூச்சிகளில் பழுப்பு நாய் உண்ணிதான் முதல் எதிரி. ஆஸ்திரேலியாவில் எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சல் 2020-இல்தான் முதலில் உள்ளூர் நாய்களிடம் கண்டுபிடிக்கப்பட்டது, அதுவும் பில்பராவுக்கு வடக்கேயுள்ள கிம்பர்லியில். நம்மூரில் அது பழைய நோய். இந்த உண்ணி புல்லில் இருப்பதைவிடச் சுவர் வெடிப்பிலும் கட்டில் இடுக்கிலும்தான் வாழும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், பொரிந்து வந்தவை தீனியில்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு அது படுக்கும் சாக்கை மாற்றாவிட்டால் வேலை வீண். மூன்று மாதம் வேலை செய்யும் மாத்திரைகள் நல்லவைதான், ஆனால் உண்ணி கடித்த பிறகுதான் சாகும். எர்லிக்கியா சில மணி நேரத்தில் உள்ளே போய்விடும். அதனால் உண்ணியை அண்டவிடாத கழுத்துப் பட்டையும் சேர்த்தே வேண்டும். காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம் வந்தால் ரத்தப் பரிசோதனை. டாக்சிசைக்ளின் 28 நாள் கொடுப்பார்கள். நாலாம் நாளே நாய் துள்ளும். பத்தாம் நாள் மாத்திரை நின்றுவிடும். ஆறு மாதம் கழித்து எலும்பு மஜ்ஜை வற்றிப்போய்க் கிடக்கும். சுவரட்டையில் 28 கட்டம் போட்டு ஒவ்வொன்றாக அடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இதயப்புழு கொசுவால் வருவது. தடுக்க ஐவர்மெக்டின் மாதம் ஒருமுறை, கிலோவுக்கு ஆறு மைக்ரோகிராம் போதும். இங்கேதான் கால்நடை மருந்துப் பாட்டிலை எடுத்துக்கொண்டு யாராவது வருவார். மாட்டுக்குப் போடும் ஒரு சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்தாயிரம் மைக்ரோகிராம். இருபது கிலோ நாய்க்குத் தேவை 120. கண்ணளவாக ஒரு மில்லி ஊற்றினால் எண்பது மடங்குக்கு மேல். கோலி (Collie) முதலான மேய்ப்பு நாய் இனங்கள் பலவற்றில் இந்த மருந்தை மூளைக்குள் விடாமல் தடுக்கும் மரபணு பழுதாக இருக்கும். அந்த ரத்தம் எந்தக் கலப்பு நாயில் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. கண் தெரியாமல் தள்ளாடி, மயங்கி, போய்விடும். வளர்ந்த நாய்க்கு முதல் முறை கொடுக்கும் முன் புழு ஏற்கனவே இருக்கிறதா என்ற ரத்தப் பரிசோதனையும் அவசியம்.

ஆஸ்திரேலியாவில் வெறிநாய்க்கடி நோய் நாய்களிடம் இல்லை. நமக்கு அதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி, கருத்தடை. தளத்தில் யாரையாவது கடித்தால், பழகிய நாய்தானே என்று விட்டுவிடாமல், ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கால் மணி நேரம் காயத்தைக் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி நஞ்சு. 1979 நவம்பரில் ரெட் டாக் ஸ்டிரிக்னினால் இறந்தது. ரோபர்னுக்கு அருகே அடையாளம் வைக்காத இடத்தில் அடக்கம் செய்தார்கள். ஸ்டிரிக்னின் வேறெதுவும் இல்லை, நம் காடுகளில் நிற்கும் எட்டி மரத்தின் கொட்டையிலிருந்து எடுப்பது. எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன என்கிறோமே, அதே எட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஆஸ்திரேலியப் பண்ணைகளில் டிங்கோ என்ற காட்டு நாய்களைக் கொல்ல இறைச்சித் துண்டில் அதை வைத்தார்கள். நடுத்தர அளவு நாயைக் கொல்ல ஓர் அரிசி மணியின் எடைகூட வேண்டியதில்லை. டிங்கோவுக்கு வைத்ததோ, பக்கத்து நாய்க்கு வைத்ததோ, வழியில் போகும் எந்த நாயும் எடுக்கும். ஊர் ஊராகச் சுற்றும் நாய், தெரியாதவர் கையிலும் தின்னப் பழகிய நாய், முதலில் எடுக்கும். ஊரார் பாசம் அதற்குக் கற்றுக்கொடுத்த பழக்கமே அதன் பலவீனம்.

தண்டுவடத்தில் தசைகளை அடக்கி வைக்கும் கட்டளையை ஸ்டிரிக்னின் தடுத்துவிடும். தின்ற பத்து நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கும். முதலில் பதற்றம், முகம் இறுகும், பிறகு நாலு காலும் மரக்கட்டையாக நீளும், கழுத்து பின்னால் வளையும். நினைவு தப்பாது, எல்லாம் தெரிந்தபடியே நடக்கும். மூச்சுத் தசைகள் இறுகி மூச்சடைத்துதான் சாவு. சின்னச் சத்தம், வெளிச்சம், தொடுதல் ஒவ்வொன்றும் புதிய இழுப்பைக் கிளப்பும். அதனால்தான் எல்லோருக்கும் பிடித்த நாய்க்கு இது வந்தால் நிலைமை இன்னும் மோசம்: முப்பது பேர் சுற்றி நின்று பெயர் சொல்லி அழைத்துத் தடவிக்கொடுப்பார்கள். ஒருவர் மட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். கண்ணை மூடும்படி கனமான துணி போட்டு, மூக்கை விட்டுவிட்டு, வண்டியில் பாட்டு இல்லாமல், பேச்சு இல்லாமல் கொண்டுபோக வேண்டும். இழுப்பு தொடங்கிய பின் உப்புத் தண்ணீர், முட்டை, பால் எதையும் வாயில் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குத்தான் போகும். மாற்று மருந்து கிடையாது. தசையைத் தளர்த்தி, தேவைப்பட்டால் முழு மயக்கத்தில் வைத்து, செயற்கை மூச்சுக் கொடுத்து, ஒன்றிலிருந்து மூன்று நாள் தாண்ட வைக்க முடிந்தால் பெரும்பாலும் பிழைக்கும். மருத்துவமனை மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் முகாமுக்கு இந்த 'முடிந்தால்' எவ்வளவு பெரிய சொல் என்று சொல்லத் தேவையில்லை. தின்றதைப் பார்த்த அதே நிமிடம் மருத்துவருக்குப் போன் செய்வதுதான் கையில் இருக்கும் ஒரே நேரம். வாந்தி எடுத்ததையும் மிச்சத் துண்டையும் கையுறை போட்டு ஒரு பையில் எடுத்துப் போங்கள்.

இன்று மேற்கு ஆஸ்திரேலியாவில் பரவலாக வைப்பது 1080 என்ற நஞ்சு. அங்குள்ள சில செடிகளிலேயே அது இயற்கையாக இருப்பதால் அந்த மண்ணின் விலங்குகள் பல அதை ஓரளவு தாங்கும், நாய் தாங்காது. வெறிபிடித்ததுபோல் குரைத்துக்கொண்டு ஓடி விழும். அதற்கும் மாற்று மருந்து இல்லை. அதனால் நஞ்சு வைக்கும் பருவத்தில் அங்கே வேலை நாய்களுக்குக் கம்பி வாய்க்கூடு மாட்டுகிறார்கள். மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும், தின்ன முடியாது. துணி வாய்க்கட்டு கட்டினால் வெயிலே கொன்றுவிடும். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் யார் எப்போது எலி மருந்தோ பன்றிக்கு மருந்தோ வைக்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வது பொறுப்பாளரின் வேலை. அதற்கு முதலில் அவர்களோடு நல்ல உறவு வேண்டும். கோழி பிடிக்கும், ஆட்டை விரட்டும் நாயை உங்கள் முகாம் எவ்வளவு நேசித்தாலும் பக்கத்துத் தோட்டக்காரர் நேசிக்க மாட்டார். கோழிக்குப் பணம் கொடுத்துவிடுங்கள், அன்றே.

கடைசியாக, வேலை முடிகிற நாள். இன்று பில்பராவில் விமானத்தில் வந்து இரண்டு வாரம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் முறைதான் அதிகம். முகாம்களில் நாய் வைத்துக்கொள்ளவும் விடுவதில்லை. மற்ற இடங்களில் முகாம் கலையும்போது நாய் அங்கேயே நிற்கும். இரண்டு மூட்டை தீனியைக் கிழித்து வைத்துவிட்டு வருவதை நல்லது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் வாரம் என்ன ஆகும் என்று அவர்கள் பார்ப்பதில்லை. ஆறேழு வருடம் மனிதர்களை நம்பியே வாழ்ந்த நாய்க்கு வேட்டை தெரியாது. முகாம் கலைய இரண்டு மாதம் இருக்கும்போதே யார் கொண்டுபோவது என்று முடிவாக வேண்டும். கொண்டுபோகிறவர் அந்த இரண்டு மாதமும் தினமும் அவரே தீனி வைக்க வேண்டும், வீட்டு அறைக்குள் இரவு தூங்கப் பழக்க வேண்டும். வாசல் இல்லாத இடத்தில் வளர்ந்த நாய்க்குப் பூட்டிய கதவு பெரும் பயம். தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப் போட்டிருந்தால் அதன் பேரில் பதிவான போன் எண்ணை மாற்றுங்கள். நாய் கிடைத்து, சிப்பும் கிடைத்து, எண் மட்டும் செத்துப்போயிருப்பது அடிக்கடி நடக்கிறது. இடையில் பொறுப்பாளர் வேலையை விட்டுப் போனாலும் இதே விதிதான். கணக்கு முடித்துச் சம்பளம் வாங்கும் முன், சுவரட்டையில் தன் பெயரை அடித்துவிட்டு அடுத்தவர் பெயரை எழுதி, அவர் கையெழுத்தையும் உண்டியல் சாவியையும் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.